டேங்க் சும்மா நிற்கிற இடத்தில் மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு என்ன வேலை?

ஒரு தம்பி எழுதிக் கேட்டது இதுதான். மெக்கானிக்கல் படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறார். எண்ணூர்ப் பக்கம் பெட்ரோலியமும் ரசாயனத் திரவங்களும் சேமிக்கும் ஒரு டெர்மினலில் இப்போது வேலை கிடைத்திருக்கிறது. "டேங்க் சும்மா நிற்கும், நாலு பம்ப் ஓடும், அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய்?" என்கிறார் சீனியர். திருவொற்றியூரில் இருக்கும் அம்மாவோ, உயிருக்கு ஆபத்தான இடம், வேண்டவே வேண்டாம் என்கிறார். போகலாமா, சம்பளம் எப்படி இருக்கும்?

பிழிந்து பார்த்தால் கேள்வி இரண்டு. அங்கே உண்மையான பொறியியல் வேலை இருக்கிறதா, இல்லை ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டே வயது போய்விடுமா என்பது ஒன்று. நல்லபடியாக வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான் முடியும். மீதி எந்த டெர்மினல் என்பதைப் பொறுத்தது. அதை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்றும் சொல்கிறேன். நான் வேலை பார்த்ததெல்லாம் தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் வட்டாரத்தில், சாதாரண வெப்பநிலையில் இருக்கும் பெட்ரோலிய, ரசாயன டேங்குகளில். எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) மாதிரி கடும் குளிரில் சேமிக்கும் டெர்மினல்களில் எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் சீனியர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. டெர்மினலில் எதுவும் தயாராவதில்லை. சென்னைத் துறைமுகத்திலோ காமராஜர் துறைமுகத்திலோ காட்டுப்பள்ளியிலோ கப்பல் வரும், குழாய் வழியாகத் திரவம் டேங்குக்கு வரும், பிறகு லாரியிலோ வேகனிலோ இன்னொரு குழாயிலோ வெளியே போகும். அவ்வளவுதான். ஆனால் அம்பத்தூரில் ஒரு பிரஸ் நின்றால் அடுத்த நிமிடம் உங்கள் போன் அடிக்கும். எது கெட்டது, எப்போது கெட்டது என்று இயந்திரமே சொல்லிவிடுகிறது. டெர்மினலில் கெட்டுப்போகிற முக்கியமான பொருள்கள் எதுவும் அப்படிச் சொல்வதில்லை. டேங்கின் அடித்தகடு பத்து வருடம் பொருளுக்கு அடியில் கிடக்கும். அவசரத்துக்கு மூட வேண்டிய வால்வை யாரும் வருடக்கணக்கில் மூடியிருக்க மாட்டார்கள். டேங்க் நிரம்பி வழியாமல் தடுக்கும் ஸ்விட்ச் ஒரு தடவைகூட உண்மையில் வேலை செய்ய வேண்டி வந்திருக்காது. சத்தம் போடாத இந்தப் பொருள்கள் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இங்கே மெயின்டனன்ஸ் இன்ஜினியரின் வேலை. இதற்கு நல்ல படிப்பு வேண்டும், கணக்கும் வேண்டும்.

அடித்தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் பொருளோடு வந்த தண்ணீர் கீழே தங்கி அரிக்கும். கீழ்ப்பக்கம் மண்ணின் ஈரமும் உப்பும் அரிக்கும். எண்ணூரில் கடல் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டாவது அரிப்பை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டேங்கைக் காலி செய்து, வாயு நீக்கி, கழிவைச் சுத்தம் செய்து உள்ளே இறங்கினால்தான் தகடு கண்ணுக்குத் தெரியும். காந்தப்புல முறையில் தரை முழுவதும் ஸ்கேன் செய்து, சந்தேகமான இடங்களில் அல்ட்ராசோனிக் கருவியால் கனம் அளப்பார்கள். டேங்க் ஆய்வுக்கான ஏபிஐ 653 என்ற அமெரிக்க விதிநூல், கசிவைத் தாங்கிக்கொள்ள இரண்டாவது தடுப்பு இல்லாத டேங்கில், அடுத்த முறை திறக்கும் நாளிலும் தகட்டில் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. 8 மில்லிமீட்டராகப் போட்ட தகடு 10 வருடத்தில் ஓரிடத்தில் 4.5 ஆகிவிட்டது என்று வையுங்கள். வருடத்துக்கு 0.35 மில்லிமீட்டர் போகிறது. 4.5-லிருந்து 2.5-க்கு இறங்க ஆறு வருடம்கூட ஆகாது. அப்படியானால் இன்னொரு பத்து வருடத்துக்கு மூடிவைக்க முடியாது.

இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அந்த இடத்தில் மட்டும் தகடு ஒட்டினால் போதுமா, பக்கத்திலும் பரவியிருக்கிறதா? அரிப்பு மேலிருந்தா கீழிருந்தா? மேலிருந்து என்றால் உள்பூச்சு உதவும். கீழிருந்து என்றால் உதவாது, தகட்டுக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் எதிர்மின் பாதுகாப்பு சரியாக இயங்குகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். சுவருக்கு அடியில் வரும் வளையத் தகட்டிலேயே அரிப்பு என்றால் விஷயம் வேறு. அது டேங்க் சுவரின் எடையைச் சுமக்கும் இடம். இதற்கிடையில் ஆபரேஷன்ஸ் பிரிவு, அடுத்த மாதம் கப்பல் வருகிறது, டேங்க் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கு வருடம் பிரஸ் மெயின்டனன்ஸ் பார்த்தவருக்கு இப்படி ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பு வந்திருக்காது. இதில் ஒன்றை மனதில் வையுங்கள்: அளந்த இடத்தின் கனம்தான் உறுதி. அளக்காத இடத்தின் கனம் அனுமானம். அறிக்கையைப் படிக்கும்போது இரண்டையும் பிரித்துப் படிக்கிறவர் கொஞ்ச நாளிலேயே நல்ல இன்ஜினியர் ஆகிவிடுவார்.

அடுத்தது மூச்சு. கூரை மூடிய டேங்குக்குள் திரவம் ஏறினால் உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வேண்டும்; திரவம் இறங்கினால் காற்று உள்ளே வர வேண்டும். இதற்குத்தான் ப்ரீதர் வால்வு. அது அடைத்துக்கொண்டிருக்கும்போது பம்ப் போட்டு உறிஞ்சினால், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிய ஜூஸ் டப்பா மாதிரி டேங்க் உள்வாங்கிவிடும். அவ்வளவு பெரிய இரும்பா என்று ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் இந்த டேங்குகள் உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தவை. வெற்றிடத்தை அவை மிகக் கொஞ்சமே தாங்கும். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் தூசி போகாமல் இருக்கட்டும் என்று வென்ட்டில், அதாவது அந்த மூச்சுத் துளையில், பாலிதீன் கட்டிவிட்டுப் போய், டேங்க் நசுங்கிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. வட சென்னையில் கடல் உப்போடு நிலக்கரித் தூசியும் சேர்ந்து படியும். வேறு ஊரில் எழுதிய அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்து வென்ட் வழியாகத் தீ உள்ளே போகாமல் தடுக்கும் ஃப்ளேம் அரெஸ்டரைச் சுத்தம் செய்தால் பத்தாது. எத்தனை நாளில் அடைகிறது என்று கழற்றிப் பார்த்து, அதற்கேற்ப அட்டவணையை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மழைக்காலம் தனிப் பாடம். பெட்ரோல், கச்சா எண்ணெய் மாதிரி ஆவியாகும் பொருளுக்கு மிதக்கும் கூரை போட்ட டேங்குகள் உண்டு. கூரை திரவத்தின் மேலேயே மிதக்கும். மேலே திறந்த வானம். 40 மீட்டர் விட்டமுள்ள கூரையின் பரப்பு ஏறக்குறைய 1250 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 125 டன் தண்ணீர். அது நடுவில் இருக்கும் ரூஃப் டிரெயின் வழியாக, டேங்குக்குள் போகும் குழாயில் இறங்கி வெளியேற வேண்டும். டிரெயினில் காகிதமோ துருவோ செத்த பறவையோ அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கும். கூரையை மிதக்கவைக்கும் காற்றறையான பான்டூனில் எங்காவது ஓட்டையும் இருந்தால் கூரை சாய்ந்து மூழ்கும். மூழ்கினால் பெட்ரோல் திறந்த வானத்தின் கீழ் கிடக்கும். டிரெயின் வேலை செய்யாவிட்டாலும் 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கூரையை வடிவமைக்க வேண்டும் என்று, டேங்க் கட்டுவதற்கான ஏபிஐ 650 விதிநூல் சொல்கிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதாவது நம் ஊர் மழை அந்தக் கணக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாண்டியிருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் ஒவ்வொரு பான்டூனையும் திறந்து பார்ப்பதும், டிரெயினில் தண்ணீர் ஊற்றி அது வெளியே வருகிறதா என்று பார்ப்பதும் சடங்காகச் செய்கிற வேலை இல்லை.

வெள்ளத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு: காலி டேங்க் மிதக்கும். நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு. 20 மீட்டர் விட்டமுள்ள டேங்கின் எடை 100 டன் என்று வையுங்கள். அதன் அடிப்பரப்பு 314 சதுர மீட்டர். கசிந்த பொருள் வெளியே ஓடாமல் இருக்கச் சுற்றிக் கட்டிய டைக் சுவருக்குள் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 31 டன் தூக்குவிசை. முழங்கால் வரைகூடத் தேவையில்லை. 32 சென்டிமீட்டரில் டேங்க் இருக்கையை விட்டுக் கிளம்பத் தயாராகிவிடும். பிறகு அதோடு சேர்ந்த குழாய்கள் முறியும். புயல் எச்சரிக்கை வந்ததும் காலி டேங்குகளில் அரை மீட்டர், ஒரு மீட்டர் பொருளோ தண்ணீரோ நிரப்பிவைப்பது இதனால்தான். டைக்குக்குள் தேங்கும் மழைநீரை வெளியேற்றும் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். ஆள் நின்று, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்து, எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் விட வேண்டும். மழை கொட்டும் இரவில் அந்த வால்வைத் திறந்து போட்டுவிட்டுப் படுக்கப் போகிற ஆள் இருக்கும் இடத்தில் டைக் சுவர் எவ்வளவு உயரமாக இருந்து என்ன பயன்?

பம்ப் பற்றி உங்களுக்குத் தெரியும். அலைன்மென்ட், பேரிங், மெக்கானிக்கல் சீல் எல்லாம் அதே பாடம்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அம்பத்தூரில் சீல் ஒழுகினால் தரை நனையும். இங்கே ஒழுகுவது 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் ஆவி தரும் ஏ வகுப்புப் பெட்ரோலியமாக இருக்கலாம். உள்ளே எழும் தீப்பொறி வெளியே பரவாதபடி செய்த ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸில் ஒரு போல்ட் இல்லையென்றால் அது ஃப்ளேம்ப்ரூஃபே இல்லை. இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் அடைபட்ட குழாய் மே மாத வெயிலில் கிடந்தால், திரவம் விரிந்து, ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல பார் ஏறும். அதை விடுவிக்கத்தான் சின்னதாக ஒரு தெர்மல் ரிலீஃப் வால்வு இருக்கிறது. அது லேசாக ஒழுகுகிறது என்று யாராவது அதன் அடியில் இருக்கும் வால்வை மூடிவைத்திருப்பார்கள். முதல் வாரத்திலேயே சுற்றிப் பார்த்து இதையெல்லாம் எழுதி வையுங்கள்.

இப்போது ஆபத்து. இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய விபத்து, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற டெர்மினலில் 2005 டிசம்பர் 11 காலையில் நடந்தது. ஒரு டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலையில் மட்டம் காட்டும் கேஜ் அப்படியே நின்றுவிட்டது. திரையில் எண் மாறவில்லை, பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசித் தடுப்பாக, தனியாக ஒரு உயர்மட்ட ஸ்விட்ச் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு லீவர். சோதித்த பிறகு லீவரைச் சரியான நிலையில் நிறுத்த ஒரு பூட்டு. அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கே யாருக்கும் புரியவில்லை, போடாமலே விட்டிருந்தார்கள். ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் உயிரிழப்பு இல்லை. 43 பேர் காயத்தோடு தப்பினார்கள். விசாரணையில் தெரிந்த ஒரு விஷயம்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அந்த கேஜ் ஆகஸ்ட் கடைசியிலிருந்து விபத்து நாள் வரைக்கும் 14 தடவை சிக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சரிபண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். ஏன் சிக்குகிறது என்று யாரும் முடிவு வரை போகவில்லை. இதை மெயின்டனன்ஸ் விபத்து என்றுதான் நான் சொல்வேன்.

நம் நாட்டில் ஜெய்ப்பூர். 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுராவில் இருந்த டெர்மினலில் பெட்ரோல் அனுப்புவதற்காகக் குழாய்ப் பாதையைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். குழாயைத் தகடு வைத்து அடைக்கும் ஹேமர் பிளைண்ட் வால்வைத் திருப்பும்போது அதன் மேல்பகுதி திறந்திருக்கும். அந்த நேரத்தில் டேங்க் பக்கம் இருந்த மோட்டார் வால்வும் திறந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சியடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஆவியில் மயங்கினார்கள். மூடுவதற்கு ஆளில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ நாள்கணக்கில் எரிந்தது. அதற்குப் பிறகு விபத்தை விசாரித்த எம்.பி. லால் குழு விதிகளை இறுக்கச் சொன்னது. தூரத்திலிருந்தே மூடும் வால்வு, தனி உயர்மட்ட எச்சரிக்கை, ஆவி கண்டறியும் கருவிகள் எல்லாம் வந்தன. அதனால் இன்றைய டெர்மினல் அன்றையதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கருவிகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்பது உங்களைப் போன்ற ஆளின் கையில் இருக்கிறது. இதைவிடப் பொறுப்பான வேலை எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் குறைவு.

அன்றாடம் ஆளைக் கொல்வது இப்படிப்பட்ட பெருவெடிப்பு இல்லை. டேங்குக்குள் இறங்குவது, உயரத்தில் நிற்பது, வெல்டிங் பொறி, இவைதான். காற்றில் சாதாரணமாக ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. மூடிக்கிடக்கும் டேங்கில் இரும்பு துருப்பிடிப்பதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். விஷவாயு எதுவும் இல்லாமலே ஆள் விழுவார். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்க, காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் இறந்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம். டேங்கிலும் அதே கதைதான். கந்தகம் உள்ள பொருள் இருந்த டேங்கில் கருப்பாக ஒரு படிவு இருக்கும். காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும், நனைத்தே வைத்திருக்க வேண்டும். காலையில் வாயு சோதித்த சீட்டை வைத்துக்கொண்டு மத்தியானம் வெல்டிங் பண்ணக் கூடாது; சாப்பிட்டு வந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். வால்வை மூடினால் போதாது, குழாயை முழுதாக அடைக்கும் பிளைண்ட் என்ற தகட்டைப் போட வேண்டும். மூடிய வால்வு ஒழுகாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

உள்ளே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். திருவொற்றியூர், கத்திவாக்கம் பையன்களும் இருப்பார்கள்; பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். பர்மிட்டில், அதாவது வேலை அனுமதிச் சீட்டில், உங்கள் கையெழுத்து இருந்தால் அவர்கள் உங்களை நம்பித்தான் மேன்ஹோலுக்குள் தலையை விடுகிறார்கள். காலையில் நீங்கள் சொல்லும் பாதுகாப்பு வார்த்தை அவர்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கட்டும். நாலு வார்த்தை இந்தி கற்றுக்கொள்வதை இந்த வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில், கப்பல் காத்திருக்கிறது, நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறுகிறது என்று சொல்லி, பிளைண்ட் போடாமலே டேங்கைத் திறக்கச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்குப் பெரிய வாக்குவாதம் ஆனது. மறுநாள் பிளைண்ட் போட்டுத்தான் திறந்தோம். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு உங்கள் மேலதிகாரி எந்தப் பக்கம் நிற்பார் என்பதைத்தான் வேலைக்குச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவின் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். திருவொற்றியூரில் இருக்கிறவருக்கு இந்த வட்டாரம் என்ன பட்டிருக்கிறது என்று நன்றாகவே தெரியும். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து, வீட்டுக் கிணற்றிலும் போர்வெல்லிலும் எண்ணெய் வந்தது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து, மீனவர்களின் வலையும் படகும் கருப்பாகின. அதே மாதம் 26-ம் தேதி இரவு, கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இவற்றில் பல, குழாயையும் தொட்டியையும் கவனிக்கிற வேலையோடு சேர்ந்த விஷயங்கள். வேலியின் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த, இந்த ஊரிலேயே வளர்ந்த ஒருவர் வேலியின் இந்தப் பக்கம் இன்ஜினியராக நிற்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எந்த டெர்மினலுக்கும் போகலாம் என்று சொல்லவில்லை. அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கலாம். சேரும் முன் ஒருமுறை உள்ளே சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டைக் டிரெயின் வால்வு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த டேங்கையாவது காட்டி, இதை உள்ளே இறங்கிக் கடைசியாகப் பார்த்தது எந்த வருடம், அடித்தகட்டின் குறைந்தபட்ச கனம் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை, ஃபைல் எடுத்துக் காட்டினால் போதும். உயர்மட்ட ஸ்விட்சை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பட்டனை அழுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னால், விளக்கைத்தான் சோதிக்கிறார்கள். அலாரம் பேனலில் பைபாஸ் போட்டு, வேலை செய்யாமல் நிறுத்திவைத்தவை எத்தனை, அதற்கெல்லாம் எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தீயணைப்புப் பம்பை வாரம் ஒருமுறை ஓட்டுகிற ரெஜிஸ்டரில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்ட மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மெயின்டனன்ஸ் தலைவர் யாருக்குக் கீழே வருகிறார் என்பதும் முக்கியம். ஆபரேஷன்ஸ் மேலாளருக்குக் கீழே வந்தால், கப்பலும் டேங்கும் மோதும் நாளில் கப்பல்தான் ஜெயிக்கும் என்பது என் அனுபவம்; எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கும் தனியார் டெர்மினல்களுக்கும் காண்ட்ராக்டர் வழியாக எடுப்பவர்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. ஒரு எண்ணைச் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. யாருடைய சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் வருகிறது என்பதை மட்டும் நியமனக் கடிதத்தில் பாருங்கள். தேக்கம் என்ற பயத்துக்குப் பதில்: இரண்டு மூன்று டேங்குகளை முழுமையாகத் திறந்து, பழுது பார்த்து, மறுபடி பொருள் ஏற்றிய அனுபவம் இருந்தால் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், ஆய்வு நிறுவனம், வளைகுடா நாடுகள் என்று கதவுகள் உண்டு. கூடவே என்டிடி லெவல் 2 (பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகளுக்கான சான்றிதழ்) முடித்துவிடுங்கள். அனுபவம் சேர்ந்த பிறகு ஏபிஐ 653 தேர்வு எழுதலாம். பாதுகாப்புப் பக்கம் ஆர்வம் வந்தால் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்பாதுகாப்பு மேல்நிலை டிப்ளமோ இருக்கிறது. மாநிலத்தில் மதிப்புள்ள படிப்பு. சேர்ந்தவுடன் எண்ணெய்த் துறைப் பாதுகாப்புக்கான இந்திய விதிநூல்களான ஓஐஎஸ்டி 105, 129 இரண்டையும் வாங்கிப் படியுங்கள். முதலாவது பர்மிட் பற்றியது, இரண்டாவது டேங்க் ஆய்வு பற்றியது. வெளிநாட்டு விதிநூல்களைவிட இவை படிக்க எளிது, உங்களைக் கேள்வி கேட்க வருகிற அதிகாரியும் இவற்றிலிருந்துதான் கேட்பார்.

முதல் ஆறு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதீர்கள். ஒவ்வொரு குழாயையும் கப்பல் நிற்கும் ஜெட்டியிலிருந்து டேங்க் வரை, டேங்கிலிருந்து லாரியில் ஏற்றும் கேன்ட்ரி வரை நடந்து பாருங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இடம் மாறியிருக்கும் வால்வுகளைச் சிவப்பு மையில் திருத்துங்கள். பழைய ஃபிட்டர்களோடு டீ குடியுங்கள். எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடும், எது மூடினாலும் ஒழுகும் என்பது அந்த அண்ணன்களுக்குத்தான் தெரியும். அது எந்த ஃபைலிலும் இருக்காது. அவர்கள் ஓய்வு பெறும் முன் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே பழுது மூன்றாம் தடவை வந்தால் வொர்க் ஆர்டரை மூடாதீர்கள். காரணம் தெரியும் வரை திறந்தே இருக்கட்டும்.

வேலையில் சேரும் நாளில் எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் நுரையீரல் திறன், காது கேட்கும் அளவு, ரத்தப் பரிசோதனை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பென்சீன் கலந்த பொருள்களோடு வருடக்கணக்கில் பழகுகிறவருக்கு, ஆரம்பத்தில் ரத்தம் எப்படி இருந்தது என்ற சான்று பின்னால் மிகவும் தேவைப்படும். அப்புறம் அம்மாவிடம் சொல்ல ஒன்று: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரவு ஷிஃப்ட் முடித்து பைக்கில் வருவதுதான் நான் அதிகம் பயப்படும் விஷயம். கம்பெனி பஸ் இருந்தால் அதில் வாருங்கள். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் இருக்கிறது. எண்ணூரிலோ அத்திப்பட்டு புதுநகரிலோ இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், திருவொற்றியூர் திரும்பவும் அதுவே போதும். சேரும் முன் அந்த டெர்மினலைப் போய்ப் பார்த்தால், என்ன பார்த்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். சேரலாமா வேண்டாமா என்று அப்போது இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.